ரெண்டாம் கேட், மூணாவது மைல், நைட் கிளப்!

தூத்துக்குடியில் முதன்முதலாக வந்து இறங்குகிறவர் தெருவில் யாரிடமாவது வழி கேட்டால், பதில் ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

''நேரா போனீயன்னா விவிடி சிக்னல் வரும் பாத்துக்கிடுங்க. அங்கன நின்னு மூணாவது மைலுக்குப் போற பஸ்ல ஏறுங்க. கண்டக்டர்ட்ட சொன்னா எறக்கி வுட்ருவாரு. எறங்குனதும் ஒரு நைட் கிளப் இருக்கும். அதுக்கு எதுத்த சந்துதான்...''

'காலங்கார்த்தாலே நைட் கிளப்பா!' என்று வெளியூர்க்காரர் பெட்டியும் கையுமாகத் திகைத்து நிற்பார். கூட வந்த மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பயப்பட வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் பரோட்டாக் கடை! சாயங்காலம் கல் சூடாகும். ராத்திரி வரைக்கும் சால்னா வாசனை தெருவைத் தூக்கும். அங்கே ஆடுவது மாஸ்டர் கையில் பரோட்டா மாவு மட்டும்தான்.

சரி, அது என்ன மூணாவது மைல்? பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. அதற்குப் பிறகு மைல் போய்க் கிலோமீட்டர் வந்தாயிற்று. பேரன் பேத்தி எடுத்தவர்களே பள்ளிக்கூடத்தில் கிலோமீட்டர்தான் படித்தார்கள். ஆனால் டிக்கெட் கேட்கும்போது எல்லாருக்கும் அது மூணாவது மைல்தான். விவிடி சிக்னல், தேங்காய் எண்ணெய்க்குப் பேர் போன ஒரு கம்பெனியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ரயில் பாதையைக் கடக்கிற இடங்களுக்கு ஒண்ணாம் கேட், ரெண்டாம் கேட் என்று நம்பர். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து சிலையாக நிற்கிறார். அவரும் ஓர் அடையாளம். ஆக, ஊருக்கே ஒரு மேப் இருக்கிறது. பேப்பரில் இல்லை, வாயில் இருக்கிறது.

உள்ளூர்க்காரருக்கு இது போதும். புதிதாக வேலைக்கு வந்த பையன் என்ன செய்வான்? செல்போனை எடுப்பான். போன் மேப்புக்கு எல்லாம் தெரியும். கேக் கடை தெரியும், பைக் ஷோரூம் தெரியும், எந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தெரியும். 'ஹார்பர் போகிற பஸ் எங்கே நிற்கும்?' என்று கேட்டால்தான் மென்று விழுங்கும். கேக் கடைக்காரர் விளம்பரம் தருவார். பஸ் ஸ்டாப்பிங் என்ன தரும்? நிழல்கூடத் தருவதில்லை!

இந்தக் கதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு தம்பி. துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்கிற ஆபீஸில் வேலை. வயசு இருபத்தாறு. திங்கள் முதல் சனி வரை கண்டெய்னர் நம்பர்களோடு மல்லுக்கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த வயசுப் பையன்கள் சினிமாவுக்குப் போவார்கள், முத்துநகர் பீச்சுக்குப் போவார்கள். இவர் பஸ் ஸ்டாப் பஸ் ஸ்டாப்பாகப் போய் நிற்கிறார். பஸ் வந்தால் ஏறுவதில்லை!

''வீட்ல என்ன சொல்றாங்க?'' என்றேன்.

''பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க ஸார்'' என்றார்.

அவர் செய்வது இதுதான். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஓர் உலக மேப் இருக்கிறது. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்கிற இங்கிலாந்துக்காரர் ஆரம்பித்தது. அவர்கள் நாட்டில் அரசாங்க மேப் பிரமாதமாக இருந்தது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் காசு, நிபந்தனை. 'நாமே நடந்து நடந்து போட்டுக் கொண்டால் என்ன?' என்று கிளம்பினார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்துகொண்டு அதில் தங்கள் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, வேறு மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. இன்னொன்று, தரையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். சர்க்கார் காகிதத்தில் என்ன இருக்கிறது, இருந்தால் நன்றாக இருக்குமே என்பதெல்லாம் செல்லாது.

கேட்பதற்குச் சுலபம். ''நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, வாங்களேன் ஸார்'' என்று தம்பி கூப்பிட்டார். போனேன்.

காலை ஏழு மணி. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆளுக்கொரு டீ. தம்பி கையில் இருந்தது சாதாரண ஆண்ட்ராய்டு போன், முதுகில் ஒரு பை, பைக்குள் தண்ணீர் பாட்டிலும் இரண்டு பாக்கெட் மக்ரூனும். (தூத்துக்குடி மக்ரூனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்து வாயில் போட்டதும் காணாமல் போகிற சமாசாரம். வேலை முடிகிற வரை பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது என்று கண்டிஷன். மனுஷன் கல்நெஞ்சக்காரர்.)

போனில் ஸ்ட்ரீட் கம்ப்ளீட் என்று ஒரு செயலி. நாம் நடக்க நடக்க அது பரீட்சைப் பேப்பர் மாதிரி கேள்வி கேட்கிறது. இந்த ஸ்டாப்பின் பெயர் என்ன? கூரை உண்டா? உட்கார பெஞ்சு உண்டா? குப்பைத் தொட்டி? ராத்திரி விளக்கு எரியுமா? கண் தெரியாதவர்கள் காலால் தடவித் தெரிந்துகொள்கிற மேடு வைத்த கல் உண்டா?

கடைசிக் கேள்விக்கு நாங்கள் அன்று முழுக்க 'இல்லை' என்றே அழுத்தினோம்.

பஸ் ஸ்டாப் என்றால் ஒரு புள்ளி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு புள்ளியாம்! போகிற பஸ்ஸுக்கு இந்தப் பக்கம், வருகிற பஸ்ஸுக்கு அந்தப் பக்கம். நடு ரோட்டில் ஒன்று வைத்தால் ஆகாது. ஜனங்கள் காத்து நிற்கிற ஓரத்தில் வைக்க வேண்டும். எதிரும் புதிருமாக நேர்க்கோட்டில் இருக்கும் என்றும் நம்ப முடியாது. இந்தப் பக்கம் பெட்டிக்கடையடியில் நின்றால், அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நூறு அடியில் நிற்கும். பெரிய கட்டடத்தின் ஓரமாக நின்றால் போனின் ஜி.பி.எஸ். வேறு குழம்பி, நம்மைச் சாக்கடையின் அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பஸ் ஸ்டாப்போடு நிற்பதில்லை தம்பி. பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறதா, குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறதா, அடிபம்பு இருக்கிறதா, இருந்தால் தண்ணீர் வருகிறதா - எல்லாம் குறிக்கிறார். ஓரிடத்தில் அடிபம்பை அடித்துப் பார்த்தார். நாலு அடிக்குப் பிறகு உவர்த் தண்ணீர் வந்தது. ''குடிக்க ஆகாது'' என்று அதையும் போட்டார்.

இப்படி ஒருவர் போனும் கையுமாக ரோட்டோரம் நின்று குறிப்பெடுத்தால் தூத்துக்குடி சும்மா இருக்குமா? ஒரு பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

''என்ன தம்பி, அளக்க வந்திருக்கியளா? ரோட்டை அகலமாக்கப் போறாவளா?''

''இல்ல அண்ணாச்சி. பஸ் ஸ்டாப்பை மேப்ல போடுதேன்.''

''எந்த டிப்பார்ட்மெண்டு?''

''டிப்பார்ட்மெண்ட் எல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா, நானா போடுதேன்.''

''சம்பளம்?''

''கெடயாது.''

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். 'படிச்ச பையன், இப்படி ஆயிட்டானே' என்கிற பார்வை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ''சரி, போடுததுதான் போடுத, சரியாப் போடு. எஸ்.எஸ். பஸ் இங்கன நிக்காது. டவுன் பஸ்ஸு மட்டுந்தான்'' என்று தகவல் கொடுத்தார். போகும்போது ஆளுக்கொரு வாழைப்பழமும் கொடுத்தார். அவருடைய தகவல் எந்த அரசாங்க அட்டவணைக்கும் குறைந்ததில்லை. முப்பது வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

அடுத்து வந்தது பாருங்கள், அசல் சிக்கல். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. நல்ல சிமெண்ட் கூரை, எவர்சில்வர் பெஞ்சு, டைல்ஸ், திறப்பு விழாக் கல்வெட்டு எல்லாம் வைத்து ஜம்மென்று ஒரு நிழற்குடை. உள்ளே ஒரு நாய் மட்டும் தூங்கிக் கொண்டிருந்தது. ஜனங்கள்? ஐம்பது கெஜம் தள்ளி, வேப்பமரத்தடியில். பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது. நிழற்குடைக்கு முன்னால் ரோடு வளைகிறது; அங்கே நிறுத்தினால் பின்னால் வருகிற உப்பு லாரி முதுகில் ஏறும் என்று டிரைவருக்குத் தெரியும். கட்டியவருக்குத் தெரியவில்லை.

இதில் எதை பஸ் ஸ்டாப் என்று போடுவது? நிழற்குடையையா, மரத்தடியையா?

தம்பி கொஞ்சமும் தயங்கவில்லை. மரத்தடியில் பஸ் ஸ்டாப் புள்ளியை வைத்தார். கூரை: இல்லை. பெஞ்சு: இல்லை. விளக்கு: இல்லை. பிறகு நடந்து போய் நிழற்குடையைத் தனியாக, 'கூரையுள்ள கட்டடம்' என்று மட்டும் குறித்தார். ''ரெண்டும் நிஜம் ஸார். இங்க பஸ் நிக்குது. அங்க கூரை நிக்குது. மேப்பைப் பாக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க.''

இந்த வழக்கம் நம் ஊருக்கு மட்டுமே சொந்தம் என்று பெருமைப்பட வழியில்லை. பிரிட்டனில் அரசாங்கமே நாடு பூராவும் உள்ள பஸ் ஸ்டாப்புகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நம்பர். 2009 வாக்கில் அந்தப் பட்டியலை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புக்கும் கொடுத்தார்கள். அதில் ஒரு வகை உண்டு: போர்டும் கிடையாது, கம்பமும் கிடையாது, வழக்கப்படி பஸ் நிற்கிற இடம்! அதையும் ஸ்டாப் என்று ஒப்புக்கொண்டு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஊரிலும் ஏதோ ஒரு மரத்தடியில் ஏதோ ஒரு பாட்டி கை காட்டி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறாள். ஆப்பிரிக்காவில் நைரோபி நகரத்தில் மட்டாட்டு என்று தனியார் மினி பஸ்கள் ஓடுகின்றன. எது எங்கே நிற்கும், எப்படிப் போகும் என்று முழுமையான மேப்பே இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் போனோடு அதில் ஏறி ஏறி இறங்கி, 2014-ல் மேப் போட்டுக் கொடுத்தார்கள்.

பெயர் விஷயம் இன்னும் ரசம். இந்த மேப்பில் ஒரே இடத்துக்குத் தமிழ்ப் பெயர், இங்கிலீஷ் பெயர், பழைய பெயர், உள்ளூர் வழக்கு என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தூத்துக்குடிக்கு அத்தனை கட்டமும் வேண்டும். வெள்ளைக்காரர் வாயில் இது டூட்டிகோரின் ஆனது. 1986-ல் திருநெல்வேலியிலிருந்து மாவட்டம் பிரிந்தபோது சிதம்பரனார் மாவட்டம். 1997-ல் தூத்துக்குடி மாவட்டம். அதே 1997-ல்தான் இந்தப் பக்கத்து பஸ்களின் நெற்றியிலிருந்து கட்டபொம்மன் பெயரும் போயிற்று. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1018 ஊர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டிப் புது இங்கிலீஷ் ஸ்பெல்லிங் என்று உத்தரவு வந்தது. தூத்துக்குடிக்கு ஏகப்பட்ட 'டி', 'எச்' சேர்ந்து, எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் போல நீண்டது. சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ்! துறைமுகத்துக்கும் அப்படித்தான். 1974-ல் பெரிய துறைமுகம் ஆனது, 2011-ல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் 'ஹார்பர்'.

பெயர் என்றால் வெறும் தமாஷ் இல்லை என்பது மத்தியானம் புரிந்தது.

திருச்செந்தூர் ரோட்டில், முத்தையாபுரம் எல்லாம் தாண்டி, ரோட்டோரமாக ஒரு ஸ்டாப். போர்டு கிடையாது. பின்னால் உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கிற ஒரு காலனி. எதிரே ஒரு கல்யாண மண்டபம். தம்பியின் போன் 'பெயர் என்ன?' என்று கேட்டது. நின்றிருந்த ஓர் ஆச்சியிடம் கேட்டோம். தலையில் தூக்கிச் சுமந்த வயசு. கால் பாதம் உப்பில் வெடித்து, கோடு கோடாக இருந்தது.

''மண்டபம் ஸ்டாப்புன்னுதான் கண்டக்டர் சொல்லுவான்'' என்றார் ஆச்சி.

தம்பி அதையே அடிக்கப் போனார். ஆச்சி விடவில்லை.

''எய்யா, எழுதப் போறியா? எழுதுனா எங்க காலனி பேரை எழுது. மண்டபம் நேத்து வந்தது. நாங்க அதுக்கு முந்தி இங்கன இருக்கோம். ராத்திரி எம் மருமவளுக்கு வலி வந்து 108-க்குப் போன் போட்டோம். எங்கம்மா இருக்கீகன்னு கேட்டான். மண்டபத்துக்கிட்டன்னு சொன்னா, எந்த மண்டபம்ங்கான். இந்த ரோட்டுல மூணு மண்டபம் இருக்கே! வண்டி வேற மண்டபத்துல போயி நின்னு, அங்கன விசாரிச்சு, இங்கன வந்து சேருததுக்குள்ள புள்ள பொறந்துட்டு.''

''புள்ள நல்லாருக்கா ஆச்சி?''

''பொம்பளப் புள்ள. பள்ளியோடம் போவுது. நல்லாத்தான் இருக்கு'' என்று சிரித்தார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்டக்டர் சொல்கிற பெயர் மண்டபம். தரையில் என்ன வழங்குகிறதோ அதைத்தான் போட வேண்டும் என்பது விதி. ஆனால் தரையில் நிற்கிறவள் இந்த ஆச்சி அல்லவா? இன்னும் நாலு பேரிடம் கேட்டார். சைக்கிளில் வந்தவர் மண்டபம் என்றார். தண்ணீர்க் குடத்தோடு வந்த இரண்டு பெண்களும் காலனி என்றார்கள். டியூஷன் போகிற பையன் இரண்டையும் சொன்னான். கடைசியில் பெயர்க் கட்டத்தில் காலனியையும், மாற்றுப் பெயர்க் கட்டத்தில் மண்டபத்தையும் அடித்தார். எதைத் தேடினாலும் இந்த இடம் வந்து நிற்கும்.

''நாளைக்கு வேற யாராவது மாத்திட்டா?'' என்றேன்.

''மாத்தலாம். யார், என்னிக்கு, எதை மாத்தினாங்கன்னு அதிலேயே பதிவாயிருக்கும். நான் கேப்பேன். நேர்ல வந்து பாத்தியான்னு கேப்பேன்.''

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கூரை உண்டா, விளக்கு எரியுமா என்கிற கேள்விகள் அவர்களுக்குத்தான் முதலில். உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முந்திக்கொள்ள விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர்கள். இருட்டில், விளக்கில்லாத ரோட்டோரத்தில் நிற்பது என்றால் என்ன என்று ஆபீஸ் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸுக்கு நின்ற நம் வீட்டுத் தங்கைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கரைக்கு மேப் புதிதில்லை. அதுதான் வேடிக்கை. கரைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு அடியில் இருப்பதற்கெல்லாம் மேப் உண்டு!

முத்துச் சிப்பி வளர்கிற கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர். தூத்துக்குடிக்கு நேரே தொலையிரம் பார் என்று ஒன்று. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1658-ல் டச்சுக்காரர் வந்தார்கள், பிறகு இங்கிலீஷ்காரர். எல்லாருக்கும் முத்தின் மேல் கண். முத்துக் குளிப்பு நடந்தால் கஜானாவுக்குப் பணம். அதனால் ஆளை அனுப்பி, முங்க வைத்து, சிப்பி எவ்வளவு, என்ன வயசு என்று பார்த்து, பார்களுக்கு மேப் போட்டார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பைப் பற்றி 1905-ல் சென்னை அரசாங்கத்துக்கு ஒரு பெரிய அறிக்கையே கொடுத்தார். இத்தனையும் கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கடியில்! அதே காலத்தில் கரையில் முங்காமல் நின்ற ஜனங்களின் குடிசை எங்கே, கிணறு எங்கே என்று யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. காசு எங்கேயோ, மேப் அங்கே. அன்றைக்கு முத்து, இன்றைக்குக் கேக் கடை.

முத்துக் குளிப்பு 1955-ல் மறுபடி தொடங்கி 1961-ல் முடிந்தது. அதோடு சரி. சிப்பி போதவில்லை. பிறகு 1973-ல் இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்தே முத்து எடுத்துக் காட்டினார்கள்.

திரேஸ்புரம் கரையில் வலை பின்னிக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மேப் இல்லாமல் கடலில் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன்.

''கரையப் பாக்கணும்'' என்றார். ''ரெண்டு அடையாளத்தை ஒண்ணு மேல ஒண்ணு வர்றாப்ல வச்சுக்கிடணும். அந்தப் பக்கம் இன்னொரு சோடி. ரெண்டும் சேருத எடந்தான் எடம். முந்தி மாதா கோயில், பனங்கூட்டம். இப்ப தெர்மல் புகைக்கூண்டு. பையங்க ஜி.பி.எஸ். வச்சிருக்கானுவ.''

இரண்டு கோடு வெட்டுகிற புள்ளி! தம்பி போனைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். அடையாளம் இடிந்து போனால்? ''வேற அடையாளம் வச்சுக்கிடுவோம். எடம் அங்கனயேதான கெடக்கு?'' என்றார் பெரியவர்.

இடமும் எப்போதும் கிடக்காது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப் புத்தகம் சொல்லும். அதில் இரண்டு முழுகிவிட்டன. ஒன்று தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவும் தேய்ந்து தேய்ந்து வந்ததால், அலையை மறிக்கக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். போன வருஷத்து மேப்பை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் பிழைக்க முடியாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகள் தூத்துக்குடிக்காரர் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையை ஒரு நாளில் கொட்டினால் என்ன ஆகும்? குளம் உடைந்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ரோடு அறுந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தவர்கள் படகை வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, ''எந்தத் தெரு? எப்படிப் போவணும்?'' வாயில் இருக்கிற மேப்புக்கு அப்போது வேலையில்லை. சொல்ல வேண்டியவர் மொட்டை மாடியில் சார்ஜ் இல்லாத போனோடு நிற்கிறார்.

2015 டிசம்பரில் சென்னை முழுகியபோது இந்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் மேல்தான் ஒரு வெள்ள மேப் போட்டார்கள். தெருவின் மேல் விரலால் தொட்டால் 'இங்கே தண்ணீர்' என்று நிறம் மாறும். ஜனங்களே தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். அதற்குத் தெருக்கள் முன்னாலேயே மேப்பில் இருந்தாக வேண்டும். இல்லாத தெருவை எங்கே தொடுவது?

தம்பி இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டது அந்த மழைக்குப் பிறகுதான். ஏன் என்று நான் கேட்டதற்கு, ''சித்தி வீடு ஆத்தூர்ப் பக்கம் ஸார்'' என்று மட்டும் சொன்னார். சித்தி சௌக்கியம். மேலே கேட்கவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கணக்குப் பார்த்தோம். பஸ் ஸ்டாப் இருபத்து மூன்று. அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தாறு புள்ளி. கூரை உள்ளது பதினொன்று. அந்தக் கூரையடியிலேயே பஸ்ஸும் நிற்பது ஏழு. விளக்கு என்று எதையாவது காட்டினால் ஒத்துக்கொள்ளலாம் என்கிற நிலைமையில் ஒன்பது. தபால் பெட்டி மூன்று, அடிபம்பு ஐந்து. அதில் தண்ணீர் வந்தது இரண்டு. நைட் கிளப் ஆறு. கடைசிக் கணக்கைத் தம்பி மிக ஜாக்கிரதையாகப் போட்டார். வகை: சாப்பாட்டுக் கடை. பெயரில் நைட் கிளப் என்று இருப்பதை நம்பி ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உட்கார்ந்திருக்கிற யாராவது புண்ணியவான் 'நடன விடுதி' என்று திருத்தி வைத்துவிட்டால், உல்லாசப் பயணிகள் கோட்டு சூட்டோடு வந்து பரோட்டாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும்! அதனால் ஒரு குறிப்பும் எழுதினார்: 'இங்கே பரோட்டா மட்டும் கிடைக்கும்.'

அப்புறம்தான் மக்ரூன் பாக்கெட்டைப் பிரித்தார்.

திரும்புவதற்கு ஆச்சியின் காலனி ஸ்டாப்பிலேயே நின்றோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஓரமாக ஒரு பூவரச மரம். அதன் நிழலில் எங்களோடு சேர்ந்து எட்டுப் பேர். போன் மறுபடி கேட்டது, கூரை உண்டா? 'மரம் உண்டு' என்று அழுத்த அதில் பொத்தான் இல்லை. தம்பி 'இல்லை' என்று அழுத்திவிட்டு, மரத்தை மரமாகவே தனிப் புள்ளியாக வைத்தார். வகை பூவரசு என்று தமிழில் அடித்தார்.

பஸ் வந்தது. புள்ளி வைத்த இடத்தைத் தாண்டி முப்பது அடி தள்ளிப் போய் நின்றது. எட்டுப் பேரும் ஓடினோம். ஆச்சிகள்தான் முதலில் ஏறினார்கள்.